கல்யாணப் பெண் மூடிய சாலை

மெங்கியாவுக்குக் கல்யாணம் என்ற செய்தி பிரதவல் ஊரில் பரவ அரை நாள் பிடித்தது. அதுவே அதிகம். அவள் கடையில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் மொத்தமே அறுபது பேர். ஐம்பத்தெட்டு வயதில் மணப்பெண் ஆகிறாளே என்று யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. மாப்பிள்ளை யார் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. கீழே சந்தேல் ஊர்ப் பால்பண்ணையில் சீஸ் செய்கிற லினார்த் இரண்டு வருடமாக, மேய்ச்சல் காலம் தவிர, வாரம் தவறாமல் வண்டி நிறைய சீஸ் கொண்டுவந்து அவள் கடையில் இறக்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் அத்தனை சீஸ் தின்னாது என்பதுகூடத் தெரியாதவர்களா நாங்கள்?

ஊர் கேட்ட கேள்வி வேறு.

"குளிர்காலத்துலயா கல்யாணம்? அப்ப பனியை யாரு அளக்கிறது?"

நியாயமான கேள்விதான். முப்பத்தொரு குளிர்காலமாக எங்கள் பள்ளத்தாக்கில் பனியை அளப்பவள் மெங்கியா. கடைக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு துண்டு நிலம். நடுவில் அளவுக்கோடு போட்ட கம்பம் ஒன்று. அதன் அடியில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகை. காலை ஏழு மணிக்குப் பலகை மேல் ராத்திரி விழுந்த புதுப்பனி எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். எழுதிய பிறகு பலகையைத் துடைத்துப் புதுப்பனி மேல் மட்டமாக வைக்க வேண்டும். அந்த எண்ணைக் காற்று, வெயில், குளிர் பற்றிய குறிப்புகளோடு மாவட்டப் பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலையில் ஏறி, தரை தெரிகிறவரை பனியில் குழி வெட்டி அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இன்றைக்கு அபாயம் ஐந்தில் இரண்டா, மூன்றா என்று மலையேறப் போகிறவர்கள் போனில் பார்க்கிறார்களே, அந்த எண்ணுக்குள் மெங்கியாவின் அளவும் இருக்கிறது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவள் வேறு ஊரில் படுத்ததில்லை. தங்கை செரைனாவுக்குப் பிரசவ வலி வந்த அன்றுகூட, "ஏழு மணி ஆகட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அளந்து எழுதிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முப்பது வயதில் ஒருவன் அவளைப் பெண் கேட்டு வந்தான். ஆள் நன்றாகத்தான் இருந்தான். ஜனவரியில் கடற்கரைக்குப் போகலாம் என்று வாயை விட்டான். அதோடு சரி.

லினார்த் உள்ளே வந்த கதையும் பனியில்தான் தொடங்கியது. முதல் தடவை சீஸ் கொண்டுவந்த நாளில் அவன் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான். கடை பூட்டியிருந்தது. சும்மா நிற்கத் தெரியாத மனுஷன். பின்பக்கம் போனான், வேலிக்குள் ஒரு பலகை பனியில் புதைந்து கிடப்பதைப் பார்த்தான். பாவம், யாரோ பெண்பிள்ளை இதைச் சுத்தம் செய்யக் கஷ்டப்படுவாளே என்று கதவைத் திறந்து உள்ளே போய், கோட்டுக் கையால் வழித்துத் துடைத்து, பலகையைப் பளபளவென்று வைத்துவிட்டுப் பெருமையாக நின்றான்.

மெங்கியா நோட்டும் கையுமாக வந்தாள்.

"யோவ்! யாருய்யா நீ? வேலி கண்ணுக்குத் தெரியலையா?"

"லினார்த், சீஸ்காரன். உதவி பண்ணலாம்னு..."

"எத்தனை இருந்துச்சு?"

"எது?"

"நீ தொடைச்சியே, அந்தப் பனி!"

அவன் யோசித்துவிட்டு முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். "இது வரைக்கும் இருக்கும்."

"என் நோட்டுல 'லினார்த்தோட முழங்காலுக்குக் கீழே'ன்னு எழுதவா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குக் கோபம் ஏறியது. அன்றைய கட்டம் காலியாகவே போயிற்று. முப்பத்தொரு வருட நோட்டுகளில் அந்த ஒரு கட்டம்தான் காலி. அடுத்த வாரம் முதல் அவன் வேலிக்கு வெளியே நின்று, அவள் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தான். மெங்கியாவின் மனதை அசைத்தது அந்தக் காத்திருப்புதான் என்று அவளே செரைனாவிடம் சொல்லியிருக்கிறாள். அவன் பிடிவாதம் சந்தேல் முழுக்கப் பேர்போனது. யார் சொன்னாலும் கேட்காதவன் வேலிக்கு மட்டும் கட்டுப்பட்டான்.

தேதி குறிப்பதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. கோடை முழுக்க லினார்த் மாடுகளோடு மேல் மேய்ச்சலில் இருப்பான். செப்டம்பர், அக்டோபரில் எங்கள் ஆண்கள் எல்லோரும் வேட்டைக்குப் போய்விடுவார்கள், தேவாலயத்தில் பாதிரியார்கூட இருக்கமாட்டார். நவம்பரில் பனி தொடங்கிவிடும். கடைசியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, பிப்ரவரியில், பதினோரு மணிக்கு எங்கள் ஊர்த் தேவாலயத்தில் என்று முடிவாயிற்று. "ஏழு மணிக்கு அளந்துட்டு வந்துடலாம்" என்றாள் மணப்பெண்.

புதன்கிழமை சாயங்காலம் பனி தொடங்கியது. வியாழன் முழுக்க விழுந்தது, வெள்ளியும் விழுந்தது. வடமேற்கிலிருந்து காற்று ஊளையிட்டது. விருந்துக்கு வேண்டிய இறைச்சி, மாவு, வால்நட் கேக்குகள் எல்லாம் புதன் மதியமே மேலே வந்துவிட்டன. பாதிரியாரும் வந்துவிட்டார். மாப்பிள்ளையும் அவன் ஆட்களும் வாத்தியக்காரர்களும் சனிக்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை விடிந்தபோது வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. மலை முழுக்க வெள்ளை, ஒரு தடம் இல்லை. இப்படி ஒரு காலையைப் பார்த்தால் மலைக்காரனுக்குக் கால் நிற்காது. மெங்கியாவுக்கு அப்படி இல்லை. அவளுடைய எட்டாவது குளிர்காலத்தில் இதே மாதிரி ஒரு காலையில் மூன்று வெளியூர்க்காரர்கள் கடைக்கு வந்து ரொட்டி வாங்கினார்கள். "இன்னைக்கு மேல போகாம இருந்தா நல்லது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். சாயங்காலம் இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து மெங்கியா எதையும் தயங்கிச் சொல்வதில்லை.

சாலையை முடிவு செய்ய வேண்டிய நாள் என்பதால், ஏழு மணிக்குக் காத்திராமல் விடியும் முன்பே அவள் ஒருமுறை அளந்து முடித்திருந்தாள். மூன்று நாளில் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு மேலே, ஆபத்தில்லாத ஒரு சிறு மேட்டில் குழி வெட்டினாள். டிசம்பரில் விழுந்த பழைய பனி அடியில் சீனி போல உதிர்ந்தது. ஒட்டும் பசையே இல்லை. அதன் மேல் காற்று அடித்து இறுக்கிய புதுப்பனி பாளமாக உட்கார்ந்திருந்தது. பனியில் ஒரு தூண் வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் மணிக்கட்டால் பத்து, பிறகு முழங்கையை மடக்கிப் பத்து, கடைசியில் தோளிலிருந்து ஓங்கிப் பத்து. முப்பதையும் தாங்கினால் நிம்மதி. மெங்கியாவின் தூண் மணிக்கட்டின் நான்காவது தட்டிலேயே வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது.

சாலைக் குழு கடையிலேயே கூடியது. குழு என்றால் மூன்று பேர்: ஊர்த் தலைவர், பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற பால்ட்ஸ், மெங்கியா. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் சந்தேல் சாலை திறக்கும். அந்தச் சாலைக்கு மேலே மலையில் ஒரு நீளமான பள்ளம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் பனிச்சரிவோடு இறங்கி வருவதால் எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்தே அதற்கு 'மாமியார்' என்று பேர்.

"மாமியார் இன்னும் வரலை. மேலயே உக்காந்திருக்காங்க" என்றாள் மெங்கியா. "ரோடு மூடியே இருக்கட்டும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "மெங்கியா, இன்னைக்கு உன் கல்யாணம். சொந்த விஷயம் இருக்கிறவங்க முடிவு எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நீ ஒதுங்கிக்கோ. நானும் பால்ட்ஸும் பார்த்துக்கறோம். மத்தியானத்துக்குள்ள ஒரு அரை மணி நேரம் திறந்து மாப்பிள்ளையை மட்டும் விட்டுட்டா..."

அவருடைய நல்ல மனசை ஊரில் யாரும் குறை சொல்ல முடியாது.

"சரி, ஒதுங்கிக்கறேன்" என்றாள் மெங்கியா. அளவுத் தாளை அவர்கள் முன்னால் வைத்தாள். "இதைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பால்ட்ஸ் படித்தான். தட்டு நான்கு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டான்.

"அக்கா, நான் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கிறவன். அந்த ரோட்டுல முதல்ல போற வண்டி என்னோடது. மன்னிச்சுக்கோங்க."

"எதுக்குடா மன்னிப்பு? இப்பத்தான் உன்னைப் பெத்தவங்க உருப்படியா வளர்த்திருக்காங்கன்னு தெரியுது."

ஆக, கல்யாணப் பெண்ணே தன் கல்யாணத்துக்கு வரும் சாலையை மூடிவிட்டாள். இதை நாங்கள் இன்னும் பத்து வருடம் சொல்லிச் சிரிப்போம்.

ஏழே முக்காலுக்கு லினார்த்திடமிருந்து போன்.

"மெங்கியா, வானத்தைப் பார்த்தியா? ஒரு பொட்டு மேகம் இல்ல!"

"பார்த்தேன். அதான் பயமா இருக்கு. ரோடு திறக்காது."

"பால்ட்ஸ் சொன்னான். பரவால்ல. நாங்க ஆறு பேர் ஸ்கீ மாட்டிக்கிட்டுக் கணவாய் வழியா வர்றோம். மூணு மணி நேரம். பதினோரு மணிக்கு டாண்ணு தேவாலய வாசல்ல நிப்பேன். அக்கார்டியன்காரன் பெட்டியை முதுகுல கட்டிட்டான்."

"கணவாய் வழி வேண்டாம்."

"நாப்பது வருஷமா போற வழி. இருநூறு தடவை தாண்டியிருப்பேன்."

"அந்த இருநூறு தடவை போன பனி எல்லாம் எப்பவோ உருகி ஆத்துல போயிடுச்சு. இது வேற பனி. கணவாய்க்குக் கீழ கிண்ணம் மாதிரி ஒரு இடம் இருக்கே, காத்து எல்லாத்தையும் அங்கதான் கொட்டியிருக்கும். அடியில டிசம்பர் பனி சீனியா உதிருது. காலைல வெட்டிப் பார்த்தேன். நாலாவது தட்டுல வந்துருச்சு."

"முழங்கைத் தட்டா?"

"மணிக்கட்டு."

அவனும் பனி தெரிந்தவன், அர்த்தம் புரியாமலில்லை.

"இடைவெளி விட்டு ஒவ்வொருத்தரா ஏறுவோம். எல்லார்கிட்டயும் தேடுற கருவி இருக்கு."

"அது புதைஞ்சவனைத் தேடத்தான் உதவும், லினார்த்."

"அதுக்காகக் கல்யாணத்தன்னைக்கு வீட்டுல உக்காந்திருக்கச் சொல்றியா? அஞ்சு பேர் கிளம்பி வாசல்ல நிக்கிறானுங்க. என்னன்னு சொல்லுவேன்?"

"நீ அந்த வழியா வந்தா தேவாலய வாசல்ல நான் இருக்க மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

"பார்க்கலாம்" என்று அவன் போனை வைத்தான்.

பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. மெங்கியா கல்யாண உடையைப் போட்டுக்கொண்டு கடையின் பின் ஜன்னலில் தூரநோக்கியோடு உட்கார்ந்தாள். வரப்போகிறவன் என்றால் பத்தரை வாக்கில் கணவாய் விளிம்பில் ஆறு புள்ளிகள் தெரியும். அல்லது, தெரியாமலே போகும். அந்த இரண்டாவதை நினைக்கும்போதெல்லாம் தலையை முன்னால் நீட்டித் தூரநோக்கியை ஜன்னல் கண்ணாடியில் இடித்தாள்.

பின்னால் நின்று முடி சீவிக்கொண்டிருந்த செரைனா, "அக்கா, தலையை ஆட்டாத. ஒரு பக்கம் கோணலா வருது" என்றாள்.

"கோணலா வந்தா வரட்டும். பார்க்க யாரு இருக்கா?"

"எண்பது பேருக்குச் சமைச்சு வச்சிருக்கேன். நான் பார்ப்பேன்ல?"

ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. மெங்கியா எடுத்த வேகத்தில் தூரநோக்கி தரையில் விழுந்தது.

"சந்தேல்லதான் இருக்கேன்" என்றான் லினார்த். "மேல்புல்வெளி வரைக்கும் ஏறினோம். அங்க கால் வச்சதும் 'வூம்ப்'னு ஒரு சத்தம். மொத்தப் பனியும் காலுக்கடியில உக்காந்துச்சு. திரும்பிட்டோம்."

அந்தச் சத்தத்தை எங்கள் ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அடியில் இருக்கிற பலவீனமான பனி நொறுங்குகிற சத்தம் அது. அதைக் கேட்டும் மேலே போகிறவன் முட்டாள். மெங்கியா போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அழறியா?"

"இல்ல. செரைனா முடியைப் பிடிச்சு இழுத்துட்டா."

"நான் தொடவே இல்ல!" என்று செரைனா பின்னாலிருந்து கத்தினாள்.

சாப்பாடு எங்கள் பக்கம், சங்கீதம் அவர்கள் பக்கம். இப்படி ஒரு கல்யாணம் இந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததில்லை. பார்லி சூப்பும், கீரையிலையில் சுருட்டி வேகவைத்த மாவு உருண்டையான காப்புன்ஸும், காற்றில் உலர்த்திய மாட்டிறைச்சியும் அண்டா அண்டாவாகக் காத்திருந்தன. "கெட்டுப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று செரைனா ஊரையே பள்ளிக்கூடக் கூடத்தில் உட்கார வைத்தாள். மணப்பெண் கல்யாண உடையில் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டாள். பயம் இறங்கியதும் அப்படிப் பசித்தது. சந்தேலில் லினார்த்தின் ஆட்கள் ரொட்டியும் சீஸும் மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டார்கள். பால்ட்ஸ் தன் போனை ஒரு காலி சூப்புப் பாத்திரத்துக்குள் வைத்தான். அந்தப் பாத்திரத்திலிருந்து சந்தேல் அக்கார்டியன் கணகணவென்று ஒலித்தது. எங்கள் ஊர் அதற்கு ஆடியது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் போனுக்குள்ளிருந்து லினார்த்தின் குரல் கேட்டது: "காப்புன்ஸ் மிச்சம் இருக்கா?"

"இல்ல!" என்று அறுபது பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு, எல்லோரும் மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமியார் இறங்கினாள். முதலில் மேலே ஒரு வெடிப்புச் சத்தம், பிறகு நீண்ட முழக்கம். நாங்கள் வெளியே ஓடினோம். சாலை இருந்த இடத்தில் வெள்ளைப் புகை எழுந்தது. புகை அடங்கியபோது நூறு மீட்டர் சாலையைக் காணவில்லை. அங்கே யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. தலைவர் தொப்பியைக் கழற்றி மெங்கியாவைப் பார்த்தார். பிறகு யாரோ கைதட்டினார்கள். "மாமியார் வந்துட்டாங்கப்பா! இனிமே கல்யாணத்தை நடத்தலாம்!" என்று பால்ட்ஸ் கூவிக்கொண்டே வண்டியை எடுக்க ஓடினான். மேலே பள்ளம் காலியாகிவிட்டதை நேரில் பார்த்துவிட்டு மெங்கியா கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வேலிக்குள் நின்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாலையிலிருந்து மூன்று ஹாரன் கேட்டது. சாலை திறந்தால் பால்ட்ஸ் அப்படித்தான் அடிப்பான். வண்டி கடைக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்து இருக்கையிலிருந்து லினார்த் இறங்கினான். கல்யாண சூட், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டி. சந்தேல் பக்கமிருந்து அவனும் நண்பர்களும் விடியும் முன்பே வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவன் நேராகப் பின்பக்கம் வந்தான். வேலிக்கு வெளியே நின்றான். அவள் பலகையருகே குனிந்து அளந்தாள், நோட்டில் எழுதினாள்.

"எத்தனை?" என்றான்.

"மூணு."

அவன் தொண்டையைச் செருமினான். "மெங்கியா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம தேவாலயத்துக்குள்ள போக முடியாது. அன்னிக்குச் சத்தம் எதுவும் கேக்கல."

அவள் நிமிர்ந்தாள்.

"மேல்புல்வெளில நின்னேன். பனி கம்முனு இருந்துச்சு. எனக்குப் பார்த்தா ஒண்ணுமே தப்பாத் தெரியல. ஏறியிருப்பேன். ஆனா நீ வேண்டாம்னு சொன்ன. அவ்வளவுதான், திரும்பிட்டேன். அந்த அஞ்சு பேர்கிட்ட, கட்டிக்கப்போறவ சொன்னா, அதனால திரும்புறேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கும் கேட்டுச்சாம். அஞ்சு பேரும் சத்தியம் பண்றானுங்க. அக்கார்டியன்காரன் ரெண்டு தடவை கேட்டுச்சுங்கறான்."

மெங்கியா சிரித்த சிரிப்பு தேவாலயம் வரை கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே கணவாயைப் பார்த்தாள். கீழே அந்தக் கிண்ணம் வெயிலில் வழவழவென்று கிடந்தது. மூன்று நாளாகியும் அது இறங்கவில்லை. இனி இறங்கப்போவதும் இல்லையோ என்னவோ. ஆறு பேரும் அன்றைக்கு அதன் வழியாகவே ஏறி, பதினோரு மணிக்கு டாண்ணு வாசலில் வந்து நின்றிருக்கவும் கூடும். அதை இனி யாராலும் சொல்ல முடியாது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் அவள் பேச்சைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள், எல்லோருக்கும் ஏதாவது ஒரு காரணம் இருந்தது. மேகம் வந்தது, சத்தம் கேட்டது, கால் வலித்தது. அவள் சொன்னாள் என்ற ஒன்றுக்காக மட்டும் திரும்பியவன் இவன் ஒருவன்தான். அவள் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை செரைனா மேல் பழி போட வழியில்லை, அவள் பக்கத்தில் இல்லை.

அவள் கைத்துடைப்பத்தை எடுத்து வேலிக்கு மேலாக நீட்டினாள். "எழுதி முடிச்சாச்சு. இப்ப வந்து துடை."

லினார்த் பூட்ஸைத் தட்டிக்கொண்டான். கதவைத் திறந்து, அவள் ஏற்கெனவே நடந்து வந்த கால்தடங்களிலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்து உள்ளே வந்தான்.